என் பெயர் அடித்த கோல்கள்

ஃபௌஸ்தோ அனங்கோனோ முதல் டிவிஷனில் பதிமூன்று வருடம் முன்னணியில் ஆடினான். நூற்றுப் பதினேழு கோல், அதில் நாற்பத்தொன்று தலையால் முட்டியது. எங்கள் ஊர் பியெத்ரா மான்சாவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அந்த ஃபௌஸ்தோ அனங்கோனோ நான்தான். நம்ப முடியவில்லை என்றால் உங்கள் மேல் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் பந்தாட்டம் என்றால் என்னைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்துவார்கள், வெளியே போகிற பந்தைப் பொறுக்கிப் போட. இன்றுவரை என் காலில் பட்ட பந்து ஒன்றுகூட நேராகப் போனதில்லை.

ஆடியவன் ஒல்மேதோ. என் பெரியப்பா மகன், என்னைவிட நான்கு வயது பெரியவன். அவனுக்கு என் பெயரைக் கொடுத்தது என் அம்மா. தொண்ணூறாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கோழிக்கும் ஒரு பை ரொட்டிக்கும் கொடுத்தாள். இதை நான் சொல்லும்போதெல்லாம் ஊரில் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

தலைநகர் கீத்தோவிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்திருந்தான். கரும்புக்காட்டை ஒட்டிய மைதானத்தில் ஒல்மேதோ ஆடுவதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டான். இடது காலால் பந்தை இழுத்து, முதுகில் ஒருவன் தொங்கினாலும் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் அடிப்பான் ஒல்மேதோ. உண்மையை ஏன் மறைக்க வேண்டும், அவன் ஆட்டம் அப்படித்தான். கிளப் ஆள் வயதைக் கேட்டான். இருபது என்றதும் முகம் தொங்கிவிட்டது. அவனுக்கு வேண்டியது பதினாறு. "வீட்ல பதினாறு வயசுல வேற ஆம்பளப் பையன் யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவன் கேட்டது வேறு ஆட்டக்காரனை இல்லை, வேறு பிறப்புச் சான்றிதழை. எங்கள் ஊரில் யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் சல்லடை கேட்பதுபோல் அப்போது காகிதம் கேட்பார்கள், கொடுப்பார்கள்.

பெரியம்மா கோழியைக் கால் கட்டித் தூக்கிக்கொண்டு, ரொட்டிப் பையோடு வந்தாள்.

"ஒரே ஒரு சீசன்தான் ஒதிலா. அவன் அங்க காலூனிக்கிட்டா திருப்பிக் குடுத்துடப் போறான். உம் பையன் இப்ப அதை வெச்சு என்ன பண்றான், சொல்லு."

"அப்ப இவன் காகிதத்துக்கு எங்க போவான்க்கா?" என்றாள் அம்மா.

"ஒல்மேதோவோட அடையாள அட்டை சும்மாத்தானே கெடக்கப் போகுது. அதை இவன் வெச்சுக்கட்டும். ரெண்டு பேரும் அனங்கோனோதானே, வேத்தாளா?"

நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா தகரப் பெட்டியைத் திறந்து என் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் கோழி குழம்பானது. கால் துண்டு என் தட்டுக்கு வந்தது, நான் தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்தான் என்று யாரும் பேச வேண்டாம்.

மூன்று மாதம் கழித்துத் தக்காளிக் கூடையோடு இபார்ரா சந்தைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பட்டாளத்துக்காரர்கள் வண்டியை நிறுத்தி ஆண்களை இறக்கினார்கள். என் பையில் இருந்தது ஒல்மேதோவின் அட்டை. இருபது வயதாகிறது, கட்டாயச் சேவைக்கு வரவில்லை, ஓடி ஒளிந்தவன். "ஐயா, அது நானில்ல, எனக்குப் பதினாறுதான் ஆகுது" என்று அழுதேன். அதிகாரி அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீதான்டா இது. உங்க ஆளுங்க மூஞ்சி எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்லி லாரியில் ஏற்றினான். கறுப்பன் முகத்தை இன்னொரு கறுப்பன் முகத்திலிருந்து பிரித்துப் பார்க்க அவனுக்கு என்ன தலையெழுத்தா? ஒல்மேதோ கோட்டை கட்டியது, நான் காட்டுக்குப் போனது, எல்லாம் எங்கள் முகம் ஒன்றுதான் என்கிற அந்தப் பார்வையால்தான்.

ஒரு வருடம் கிழக்கே காட்டில் கிடந்தேன். பூட்ஸுக்குள் கால் அழுகியது. அங்கேதான் முதல்முறை ரேடியோவில் என் பெயரைக் கேட்டேன். கார்ப்பொரலின் பெட்டியிலிருந்து அறிவிப்பாளன் கத்தினான், பதினாறு வயசு ஃபௌஸ்தோ அனங்கோனோ, பள்ளத்தாக்கின் பொடியன், முதல் ஆட்டத்திலேயே கோல் என்று. முகாமே எழுந்து குதித்தது. "அது என் பேரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பொய் சொன்னதற்காகக் கார்ப்பொரல் என்னைச் சேற்றில் நூறு தோப்புக்கரணம் போடவைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒல்மேதோவை ஒரு கெட்ட வார்த்தை திட்டினேன். நூறுக்கும் நூறு வேறு வேறு வார்த்தை, எங்கள் பக்கத்து மொழிவளம் அப்படி.

ஒரு சீசன் முடிந்து அவன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தான். பளபளவென்று சட்டை, கையில் கடிகாரம். நானும் பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்தேன்.

"அண்ணே, என் காகிதத்தைக் குடு" என்றேன்.

"என்னடா தம்பி இப்படிக் கேக்குற. இப்பத்தான் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"யாரு கையெழுத்து?"

"உன் கையெழுத்துதான்" என்று சிரித்தான். "பாரு, எவ்வளவு அழகாப் போடுறேன்னு." ஒரு சிகரெட் அட்டையில் போட்டும் காட்டினான். உண்மையிலேயே அழகாக இருந்தது. அப்படிச் சுழித்துப் போட எனக்கு இன்றும் வராது.

மூன்று வருடம் ஆறாயிற்று, ஆறு பதிமூன்றாயிற்று. கீத்தோவில் ஆடினான், கடற்கரைப் பக்கம் ஒரு கிளப்பில் ஆடினான், எல்லை தாண்டி பெருவில் ஒன்றரை வருடம் ஆடினான். பெனால்டி அடிப்பதற்கு முன்னால் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவான், கோல்கீப்பருக்குப் பொறுமை போகிறவரை கட்டுவான். முப்பதைத் தாண்டியவனைப் பத்திரிகைகள் பொடியன் என்றே எழுதின. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அவன் படம். எங்கள் வீட்டில் அவன் போட்டுக்கொடுத்த தகரக் கூரை இருந்தது. மழை பெய்தால் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் போய்விடுவாள்.

அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தாள். யாராவது விசாரிக்க வந்து காதில் விழுந்துவிட்டால் என்ற பயம். ஒல்மேதோ என்று கூப்பிடவும் அவளுக்கு வாய் வரவில்லை. "டேய்", "இவனே", "இங்க வா", அவ்வளவுதான். பதினாறு வயதுக்குப் பிறகு பெற்றவள் வாயால் நான் என் பெயரைக் கேட்டதில்லை. தொண்ணூற்றாறில் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அவன் பெனால்டியை வெளியே அடித்துக் கோட்டைவிட்டபோது நாடே கேட்டது. இபார்ரா சந்தையில் ஒவ்வொரு கடைக்காரனும் ஃபௌஸ்தோ அனங்கோனோவைப் பெற்றவளை இழுத்துத் திட்டினான். பெற்றவள் அங்கேதான் தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒல்மேதோவைப் பெற்றவளுக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்காது.

நான் கல்யாணம் செய்துகொள்ளப் பதிவு அலுவலகம் போனால் அங்கே ஒரு கூத்து. "உங்களுக்கு ஏற்கனவே ஒரு மகன் இருக்கானே" என்றார்கள். இருந்தான். ஒல்மேதோ தன் சொந்தப் பெயரில் இருந்தபோது ஒருத்திக்குக் கொடுத்த பிள்ளை, காகிதத்தில் என் தலையில் வந்து விழுந்திருந்தது. என் மனைவி தர்ஹேலியா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், ஊருக்கே தெரியும். தெரிந்தும் அவள் என்னை ஒல்மேதோ என்றுதான் கூப்பிடுவாள், பழகிவிட்டது என்பாள். எனக்குத்தான் பழகவில்லை.

பத்திரிகைக் கணக்கில் முப்பது வயதில் அவன் முட்டி போயிற்று. உண்மையில் முப்பத்துநான்கு. குடித்துக் கெட்டான், இளமையிலேயே தன்னைத் தொலைத்தான் என்று எழுதினார்கள். அவன் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டான். குடித்தது நான். அதுகூட என் பெயருக்குச் சரியாகத்தான் வந்து சேர்ந்தது.

பிறகு பயிற்சியாளர் படிப்பு படித்தான். தங்க எழுத்தில் என் பெயர் போட்ட சான்றிதழை வரவேற்பறையில் மாட்டினான். இரண்டாம் டிவிஷனில் மூன்று கிளப், மூன்றிலும் சண்டை, மூன்றிலும் வெளியே தள்ளினார்கள். ஒரு கிளப்பின் தலைவனை உடைமாற்றும் அறையிலேயே அறைந்தான் என்று கேள்வி. கடைசியில் ஊருக்கே வந்து பெண்பிள்ளைகள் அணியை எடுத்துக்கொண்டான். எல்லோரும் அவனை வாத்தியார் என்றார்கள். வேலை தெரிந்தவன்தான். பந்துக்கும் எதிரிக்கும் நடுவில் உடம்பை எப்படி வைப்பது, ஆள் இடிக்க வருவதை முதுகால் எப்படி அறிவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தான். என் மகள் தயனாராவையும் அவன்தான் பழக்கினான். அவளுக்குப் பதினைந்து. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் பந்து எங்கே விழுமோ அங்கே முன்கூட்டியே போய் நிற்பாள். இந்தக் குணம் என் பக்கத்திலிருந்து வந்ததில்லை.

இந்த வருடம் மாகாணப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிறு மதியம், ஒல்மேதோ என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் கால் கட்டிய கோழி. இன்னொரு கையில் ரொட்டிப் பை. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரு காகிதம் வேணும்?" என்றேன்.

"உக்கார விடுடா மொதல்ல."

"நின்னுக்கிட்டே சொல்லு."

"ஹொமாய்ரான்னு ஒரு பொண்ணு, மேட்டுப் பக்கத்து ஊர்க்காரி. அவ ஆடுறதைப் பார்த்தா நீ அழுதுடுவ. பத்தொன்பது ஆகுது, அதான் இடிக்குது. போட்டி பதினாறுக்குள்ள. நம்ம தயனாராவோட அட்டை இருந்தா—"

"நம்ம தயனாராவா?"

"ஒரே ஒரு போட்டிதான் தம்பி. கீத்தோவுலருந்து ஆளுங்க பார்க்க வர்றாங்க. ஹொமாய்ரா போயிட்டா அடுத்த வருசம் தயனாராவை நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

"எந்தப் பேருல கூட்டிக்கிட்டுப் போவ? அவ பேருலதான் ஒருத்தி போயிருப்பாளே."

அவன் இதை யோசித்திருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. தொண்ணூறிலும் யாரும் யோசிக்கவில்லை.

"இப்ப உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றான் எரிச்சலோடு. "வண்டி ஓட்டுற, நெலம் இருக்கு, பொண்டாட்டி புள்ள இருக்கு. உன் பேரை நான் கெடுத்தேனா? ஊரு ஊரா வாழ்க வாழ்கன்னு கத்த வெச்சிருக்கேன். நீ வெச்சிருந்தா அதை வெச்சு என்னத்தக் கிழிச்சிருப்ப?"

"ஒண்ணும் கிழிச்சிருக்க மாட்டேன்" என்றேன். "எங்கம்மா என்னைக் கூப்பிட்டிருப்பா."

கோழியை அவன் கையிலிருந்து பிடுங்கித் தெருவில் எறிந்தேன். ரொட்டிப் பையையும் எறிந்தேன். அவன் போய்விட்டான். தர்ஹேலியா கதவோரம் நின்று பார்த்தாள்.

"ஏன்யா இப்படிக் குதிக்கிற? பேரு என்ன, துணியா, ஒருத்தி உடுத்தினா தேய்ஞ்சு போறதுக்கு?" என்றாள்.

"தேயும்டி. என்னைப் பாரு" என்றேன்.

வியாழக்கிழமை மதியம் கோழிக் குழம்பு இருந்தது. ஏது என்றேன். வாங்கினேன் என்றாள். தின்றேன். நாற்பத்தைந்து வயதாகியும் என் புத்தி அப்படி. தட்டில் விழுந்தால் கேள்வி கேட்காமல் தின்பேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் ஆட்டம், இபார்ராவில். ஊரே திரண்டு வந்திருந்தது. என் பிக்அப் வண்டியில் மட்டும் பதினொரு பேர், பின்னால் மேளம் வேறு. படிகளில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தார்கள். "ஒன்பதாம் எண், தயனாரா அனங்கோனோ" என்றார்கள். நான் எழுந்து கைதட்டப் போனேன். மைதானத்துக்குள் ஓடி வந்தவள் ஹொமாய்ரா.

என் மகள் பெஞ்சின் கடைசியில் எண் இல்லாத சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். தர்ஹேலியாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். வியாழக்கிழமைக் கோழி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எறிந்த கோழியைப் பிடித்து, என் மகள் அட்டையைக் கொடுத்து, எனக்கே சமைத்தும் போட்டிருக்கிறாள்.

ஹொமாய்ரா இருபது நிமிடத்தில் இரண்டு கோல் அடித்தாள். கூட்டம் மேளத்தோடு தயனாரா தயனாரா என்று பாடியது. ஒவ்வொரு தடவையும் என் மகள் தலை சட்டென்று நிமிர்ந்தது. பெயரைக் கேட்டால் யாரும் நிமிர்வார்கள். பிறகு அது தன்னை இல்லை என்று தெரிந்து குனிந்துகொண்டாள். ரேடியோவுக்கு முன்னால் எத்தனை வருடம் நான் இப்படி நிமிர்ந்து குனிந்திருக்கிறேன். மூன்றாவது தடவை அவள் குனிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. படியிறங்கி, கோட்டைத் தாண்டி, அதிகாரிகள் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா கோப்புகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஒன்பதாம் நம்பர் என் பொண்ணு இல்ல. என் பொண்ணு பெஞ்சில இருக்கா" என்றேன்.

"நீங்க யாரு?"

"ஃபௌஸ்தோ அனங்கோனோ."

அவள் சிரித்துவிட்டாள். "அவர்தானே பயிற்சியாளர். சின்ன வயசுல அவர் படம் என் நோட்டு அட்டையில இருந்துச்சு."

நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். ஒல்மேதோ ஓடி வந்தான். "என் தம்பிங்க. ஒல்மேதோன்னு பேரு. கொஞ்சம் போடுற பழக்கம் உண்டு, மன்னிச்சுக்கோங்க" என்று என் தோளைப் பிடித்தான். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"உங்க அட்டையைக் குடுங்க" என்றாள் அந்த அம்மா. கொடுத்தேன். ஒல்மேதோ அனங்கோனோ என்று இருந்தது. என் சட்டைப்பையில் இருந்ததே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"சரி, ஃபௌஸ்தோன்னு சொல்றீங்கல்ல. உங்க அட்டை நம்பரைச் சொல்லுங்க."

இந்த நாட்டில் சொந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். வங்கியில், ஆஸ்பத்திரியில், மருந்துக் கடையில், எங்கே போனாலும் முதலில் அந்தப் பத்து இலக்கம்தான். எனக்கு ஒல்மேதோவின் எண் தெரியும். ஃபௌஸ்தோவின் எண் தெரியாது. அது அவன் கைக்குத்தான் வந்தது, என் கண்ணில் பட்டதே இல்லை. நின்றேன். அவள் ஒல்மேதோவைப் பார்த்தாள். அவன் பத்து இலக்கத்தையும் மூச்சு விடாமல் சொன்னான்.

"சந்தேகம்னா எங்கம்மா மேல உக்காந்திருக்கா, கேளுங்க" என்றான். எங்கம்மாவாம். கேட்கும்போதே பல்லைக் கடித்தேன்.

அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். அதற்குள் படிகளில் மேளம் நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதை ஒன்று பெட்டிக்குள் இருந்தது.

"பாட்டிம்மா, இவங்க ரெண்டு பேர்ல உங்க மகன் ஃபௌஸ்தோ யாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி ஒல்மேதோவைக் காட்டினாள்.

"இவன்தான்" என்றாள்.

"உன்னைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்கடா" என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி முணுமுணுத்தாள். பயந்தாள், தெரிகிறது. பயந்தால் பிள்ளையை மாற்றிக் காட்டுவார்களா? அவளிடம் அன்று எனக்கு வந்த கோபம் ஒல்மேதோவிடம்கூட வந்ததில்லை.

அதிகாரி அம்மா என்னை வெளியே கூட்டிப்போகச் சொல்லிக் கை காட்டினாள். அப்போது தயனாரா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள்.

"நீ போய் உக்காரு" என்றான் ஒல்மேதோ.

"வாத்தியாரே, நீங்க சும்மா இருங்க" என்றாள் என் மகள். மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "நான்தான் தயனாரா அனங்கோனோ. அந்தக் கோப்புல என் அட்டை இருக்கு, படத்தைப் பாருங்க."

அதிகாரி அம்மா அட்டையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மைதானத்தில் நின்ற ஹொமாய்ராவைப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்றாள். அதைக் கேட்டதும் மேஜையைக் கவிழ்க்க என் கை பரபரத்தது. இருபத்தொன்பது வருடம் கழித்தும் அதே வார்த்தை.

தயனாரா அசரவில்லை. "அப்ப நம்பர் கேளுங்க. எங்கப்பாகிட்ட கேட்டீங்கல்ல, எங்களையும் கேளுங்க. அவளை மொதல்ல கேளுங்க."

ஹொமாய்ராவைக் கூப்பிட்டார்கள். ஒல்மேதோ மனப்பாடம் பண்ணவைத்துத்தான் அனுப்பியிருந்தான். ஒன்று, பூஜ்யம் என்று ஆரம்பித்தாள். ஆறாவது இலக்கம்வரை வந்தாள். அதற்கு மேல் உதடு ஆடியது, எண் வரவில்லை. பத்தொன்பது வயதுப் பெண், வாத்தியாரைப் பார்த்து நின்றாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

என் மகள் சொன்னாள். பத்து இலக்கம், ஒவ்வொன்றாக, படியில் கடைசி வரிசையில் இருந்தவனுக்கும் கேட்கிறமாதிரி. சொல்லி முடித்துவிட்டு இன்னொருமுறை சொன்னாள்.

அதிகாரி அம்மா கோப்பை மூடினாள். எதிரணி வென்றதாக எழுதினாள். எங்கள் அணியைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். ஒல்மேதோவின் பயிற்சியாளர் உரிமத்தை நிறுத்திவைத்து விசாரணை என்றார்கள். விசாரணை என்றால் தோண்டுவார்கள், தோண்டினால் நானும் அகப்படுவேன். அகப்படட்டும். ஒல்மேதோ புல்லில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என் பேருல நீ வாழ்ந்த வாழ்க்கைதான்டா எனக்கு மிச்சம்" என்றான். "கல்லறையில எந்தப் பேரை எழுதச் சொல்ற?"

"உன்னுதை எழுது. நான் நல்லாத்தான் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு என் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

படிகளில் இருந்து ஊர் கத்த ஆரம்பித்தது. சோளக்கதிர் எறிந்தார்கள், தண்ணீர்ப் பை எறிந்தார்கள். துரோகி ஒல்மேதோ என்றார்கள், ஊரைக் கெடுத்த ஒல்மேதோ என்றார்கள், ஒல்மேதோவைப் பெற்றவளையும் இழுத்தார்கள். உண்மை வெளியே வந்து பத்து நிமிடம் ஆகவில்லை, என்னைத் திட்டக்கூட அவர்களுக்கு என் பெயர் வாயில் வரவில்லை.

தர்ஹேலியா பஸ்ஸில் வருகிறேன் என்று ஊராரோடு நின்றுகொண்டாள். பிக்அப்பில் யாரும் ஏறவில்லை. தயனாரா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் அம்மாவை ஏற்றினேன், எழுபது வயதுக்காரியை வெயிலில் விட்டுவிட்டுப் போகவா முடியும். பள்ளத்தாக்குக்கு இறங்கும் ரோட்டில் திரும்பினோம். நான் மிதித்த மிதியில் வண்டி ஆடியது. பாலத்துக்கு முந்தின வளைவு வந்தபோது அம்மா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபௌஸ்தோ, மெதுவாப் போப்பா" என்றாள்.

தயனாரா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் மெதுவாகப் போகவில்லை.